மஞ்சள் கறுத்த முகம்

பதினோராம் அத்தியாயம்

ஞானபாக்கியம் கட்டைவிரலை நாக்கில் வைத்து நனைத்தாள். அந்த விரலை லூர்து மேரியின் கன்னத்தில் அழுத்தி ஒரு தேய் தேய்த்தாள். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விரல் மஞ்சளாக வந்தது. பூசின மஞ்சள் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அவளுக்குத் திருப்தி. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் தங்கிய வெற்றிலை எச்சிலைத் துடைக்க வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த பிலோமினாவுக்கு வயிற்றைப் புரட்டியது.

வயிறு புரளுவது அவளுக்குப் புதிதல்ல. கம்பம் ஊரில் போட்டோக் கொட்டகை வைத்திருக்கும் அருளப்பனுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவளுக்கு இதே பாடுதான். படம் அச்சடிக்கிற காகிதத்துக்கு முட்டை வெள்ளைக்கருவைப் பூச வேண்டும். வெள்ளைக்கருவை அடித்து, நாலைந்து நாள் புளிக்கவிட்டு, மல் துணியில் வடிகட்டுவது அவள் வேலை. அந்த நாற்றம் தலைமயிர் வரைக்கும் ஏறியிருந்தது. மிச்சமாகிற மஞ்சள் கருவை வீணாக்க மனம் வராமல் அருளப்பன் தினமும் குழம்பு வைக்கச் சொல்வான். எட்டு வருடமாக அதே குழம்பு.

இது போதாதென்று, படம் எடுக்க வருகிற பெண்களின் முகத்தைத் துடைத்துவிடுவதும் அவள்தான். அன்னிய ஆண் பெண்பிள்ளை முகத்தைத் தொட முடியாதே. விளக்கெண்ணெய், வேர்வை, நேற்றைய சாந்துப் பொட்டு என்று கம்பம் பள்ளத்தாக்கின் முகங்களையெல்லாம் அவள் ஈரத் துணியால் வழித்தெடுத்திருக்கிறாள். மனித முகம் என்றாலே அவளுக்கு ஒரு கசப்பு வந்துவிட்டிருந்தது.

ஆனால் இன்றைக்குச் சோதனைக்கு நின்றது ஊரார் முகமல்ல. கூடப் பிறந்த தங்கையின் முகம்.

லூர்து மேரிக்கு எட்டு வயதில் அம்மை வார்த்தது. பெற்றவள் அதே அம்மையில் போய்ச் சேர்ந்தாள். மகள் பிழைத்தாள், ஆனால் இரண்டு கன்னத்திலும் மூக்கிலும் குழி விழுந்துவிட்டது. பிறகு தகப்பனும் போனதும் பிலோமினாவே அவளை வளர்த்தாள். இப்போது வயது இருபது. மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். மோர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

நான்காவதாக வந்த இடம்தான் சின்னப்பராஜ். கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, ஞானபாக்கியத்தின் அண்ணன் மகன். அவன் நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. பெண்ணின் போட்டோ ஒன்று வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தான். பிடித்திருந்தால் சம்மதம் எழுதுவான். அத்தைக்காரி பெண்ணைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிக் கூட்டிப்போக வேண்டும். அங்கேயே கோயிலில் கல்யாணம்.

ஞானபாக்கியத்துக்கு இதில் என்ன இத்தனை அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். லூர்து மேரிக்குத் தகப்பன் விட்டுப்போன நாலு குறுக்கம் நிலம் ஞானபாக்கியத்தின் நிலத்தை ஒட்டிக் கிடக்கிறது. பெரியாற்றில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மலையைக் குடைந்து தண்ணீர் இந்தப் பக்கம் வரப்போகிறது என்று பேச்சு. பெண் கடல் தாண்டிப் போய்விட்டால் நிலத்தில் யார் ஏர் பூட்டுவார்கள் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பதினைந்து நாளைக்கு முன் எடுத்த முதல் படம் என்ன கதியானது என்று சென்ற வாரம் பார்த்தோம். முகம் கரிச்சட்டியாக வந்தது. அதிலும் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் குழி விளிம்புகளிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. எங்கள் பெண்ணைக் கறுப்பாக்கிவிட்டான் என்று ஞானபாக்கியம் படத்தை அருளப்பன் காலடியில் வீசிவிட்டுப் போனாள்.

இன்றைக்கு அவளே அதற்கு வைத்தியமும் கொண்டுவந்திருந்தாள். போன தடவை மஞ்சள் போதவில்லையாம். அதனால் விடியற்காலையில் லூர்து மேரியைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, மூன்று சுற்று மஞ்சள் அரைத்துப் பூசி, முகம் மினுமினுக்க வேண்டுமென்று அன்றைக்குப் போலவே ஒரு கரண்டி நல்லெண்ணெயும் தடவிக் கூட்டி வந்திருந்தாள். தங்கை நின்ற கோலத்தைப் பார்த்தால் யாரோ தாளித்துக் கொட்டின மாதிரி இருந்தது.

பிலோமினா உள்ளே போய் ஒரு சின்னப் படத்தை எடுத்து வந்தாள். அவளுடைய இடது உள்ளங்கையின் படம். முதல் படம் கெட்டதற்கு அருளப்பன் படம் விழுகிற கண்ணாடி பிளேட்டைக் குறை சொன்னான், மருந்தைக் குறை சொன்னான், ஆடிக் காற்றின் புழுதியைக் குறை சொன்னான். பிலோமினா எதையும் சொல்லவில்லை. உள்ளங்கையில் பாதிக்கு மட்டும் மஞ்சளைப் பூசிக்கொண்டு, அதைப் படம் எடுக்கச் சொன்னாள். மஞ்சள் பூசின பாதி கறுப்பாக வந்தது. பூசாத பாதி கை நிறத்தில் வந்தது. நம் கண்ணுக்கு மஞ்சள் என்றால் வெளிச்சம். அந்தக் கண்ணாடிக்கு மஞ்சள் என்றால் இருட்டு. மங்களகரம் என்று பூசிக்கொண்டு வருகிற பெண்களெல்லாம் ஏன் கறுப்பாகப் போனார்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது.

ஞானபாக்கியம் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். உன் கை வேலை செய்து கறுத்த கை, அதற்கு மஞ்சள் என்ன செய்யும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

பிலோமினா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அத்தை, இப்பிடியே உக்கார வச்சா இன்னொரு கரிப் படந்தான் வரும். நான் மூஞ்சியக் கழுவி விடுறேன். வேணாம்னா நீங்க வேற கொட்டகை பாத்துக்கங்க. மதுரைக்கு இந்தப் பக்கம் எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியல."

மதுரைக்கு மாட்டு வண்டியில் எத்தனை நாள் ஆகும் என்று ஞானபாக்கியம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். கிணற்றடிப் பக்கம் கையைக் காட்டினாள்.

கிணற்றடியில் தங்கையை உட்கார வைத்துப் பயத்தமாவால் இரண்டு முறை தேய்த்துக் கழுவினாள் பிலோமினா. குழிகளுக்குள் எண்ணெயும் மஞ்சளும் சேறாக அடைந்திருந்தன. துணி நுனியை முறுக்கி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. வேலை முடிவதற்குள் அவளுக்கு நாலு தடவை குமட்டிவிட்டது. லூர்து மேரி கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டியிருந்தாள். கழுவித் துடைத்த பிறகு, சலித்த பச்சரிசி மாவை விரல் நுனியில் தொட்டு நெற்றியிலும் மூக்கிலும் கன்னத்து மேட்டிலும் ஒற்றினாள். உடனே மெல்லிய துணியால் தட்டிவிட்டாள். நிறம் மாறக் கூடாது, மினுக்கம் மட்டும் சாக வேண்டும். அதுதான் கணக்கு.

ஞானபாக்கியம் வந்து எட்டிப் பார்த்து, இன்னும் நாலு பிடி அள்ளிப் பூசினால் வெள்ளைக்காரி மாதிரி இருப்பாள் என்றாள். பிலோமினா மாவுக் கிண்ணத்தை மூடி உறியில் வைத்தாள்.

இனி வெளிச்சம். கொட்டகையின் வடக்குச் சரிவில் ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்திருந்தான் அருளப்பன். வடக்குக் கண்ணாடியில் நேர் வெயில் விழாது என்று மதுரையில் அவனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் சொன்னார். அவருக்கு அதைச் சொன்னது வெள்ளைக்காரன் எழுதின சீமைப் புத்தகம். சீமையில் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும், அங்கே அது சரி. இங்கே ஆடி மாதம் சூரியன் உச்சிக்கு வடக்கே அல்லவா நிற்கிறது? வெயில் நேராக உள்ளே இறங்கித் தரையில் பாய் விரித்தது. முதல் படத்தில் முகத்தில் வெள்ளைத் திட்டு விழுந்ததற்கு எண்ணெய் பாதிக் காரணம், இந்த வெயில் மீதிக் காரணம். எட்டு வருடமாகத் தரையைக் கூட்டிப் பெருக்குகிறவளுக்குத் தெரிந்த இது, தலையைக் கறுப்புத் துணிக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறவனுக்குத் தெரியவில்லை.

முட்டை வடிகட்டுகிற மல் துணியை அலசிக் காயவைத்திருந்தாள். இரண்டு மடிப்பாக அதைக் கண்ணாடிக்குக் கீழே கட்டினாள். வெயில் வடிந்து பால் போல இறங்கியது. நிழல் விழுகிற பக்கத்தில் அருளப்பனின் வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டாள். அந்தப் பக்கக் கன்னத்துக் குழிகளும் இருட்டில் ஆழமாகத் தெரியாமல் சமப்பட்டன. நாற்காலியைச் சுவரைவிட்டு நாலடி முன்னால் இழுத்துப் போட்டாள். அருளப்பன் இதையெல்லாம் தானே யோசித்தவன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றான்.

பின்கழுத்தில் இரும்புப் பிடியை வைத்துத் தலை அசையாமல் நிறுத்தினான். படப்பெட்டியின் மூடியைக் கழற்றி ஆறு வரைக்கும் எண்ணி மூடினான். லூர்து மேரி இமைகூட ஆட்டவில்லை.

மதியத்துக்குள் பிளேட் கழுவிக் காய்ந்து, காகிதத்தோடு சட்டத்தில் ஏறி வெயிலுக்கு வந்துவிட்டது. முதல் அச்சைக் கையில் வாங்கினபோது பிலோமினாவுக்கு அன்று முழுவதிலும் ஒரே ஒரு நிமிடம் மனம் நிறைந்தது. கறுப்பு இல்லை, திட்டு இல்லை. குழிகள் இருந்தன. நேரில் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவே தெரிந்தன. அதற்கு மேலே இரண்டு பெரிய கண்கள் யாருக்கும் பயப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

ஞானபாக்கியம் படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நிறம் தேவலாம் என்றாள். ஆனால் தழும்பு தெரிகிறதே என்றாள். பேச்சை அதோடு விட்டுவிட்டுப் பசிக்கிறது என்றாள். பிலோமினாவும் விருந்தாளிக்குச் சோறாக்க அடுப்படிக்குப் போனாள். போயிருக்கக் கூடாது.

அவள் சோறு வடித்து, குழம்பை இறக்கி, இலை நறுக்கிக்கொண்டு திரும்பினபோது ஜன்னல் ஓரத்தில் அருளப்பன் அந்தக் கண்ணாடி பிளேட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஊசியாகச் சீவின பென்சில். பிளேட்டில் குழிகளெல்லாம் வெளிறின புள்ளிகளாகத் தெரியும். அவற்றைப் பென்சிலால் நிரப்பிவிட்டால் அச்சில் அவை மறைந்துபோகும். தோளுக்கு மேல் குனிந்து நின்ற ஞானபாக்கியம் "இங்கன ஒண்ணு, அங்கன ஒண்ணு" என்று விரல் காட்டிக்கொண்டிருந்தாள். தலையில் பேன் பார்க்கிறவள் மாதிரி அத்தனை சுவாரசியம். ஒரு சுற்று நிரப்பி எடுத்த இரண்டாவது அச்சு ஏற்கெனவே தண்ணீர்த் தட்டில் மிதந்தது.

பிலோமினா அதை எடுத்துப் பார்த்தாள். உரித்த முட்டை மாதிரி இருந்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை, வயது இல்லை. தங்கையின் கண்ணைப் பிடுங்கி வேறு யாருடைய வழுவழுப்பிலோ பதித்த மாதிரி இருந்தது. அத்தைக்காரியின் எச்சில் விரலைப் பார்த்தபோது வந்த குமட்டல் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இது என்ன வேலை என்று புருஷனைக் கேட்டாள். அவன் பென்சில் நுனியை ஊதிக்கொண்டே, மதுரையில் அத்தனை பேரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றான். துரைசானிகளுக்கே செய்கிறார்களாம். கல்யாணம் நடக்க வேண்டுமா வேண்டாமா என்று அவளையே திருப்பிக் கேட்டான். எட்டு வருடம் ஒரே பாயில் படுத்த மனிதன். அவன் முகத்திலும் இப்போது எண்ணெய் வழிவது போலத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"கப்பல விட்டு எறங்குனதும் அவுக இவ மொகத்தப் பாப்பாகல்ல? இது அவ இல்லைன்னு தெரியுமல்ல? வேணாம்னு சொல்லிட்டா, கடலுக்கு அந்தப் பக்கம் எந்தங்கச்சி எங்கன போயி நிப்பா?"

அருளப்பன் பென்சிலை மறுபடியும் சீவத் தொடங்கினான். ஞானபாக்கியம்தான் பதில் சொன்னாள். இலையில் உட்கார்ந்து, சோற்றில் குழி பறித்துக் குழம்பை ஊற்றிக்கொண்டே, வாய் கூசாமல் சொன்னாள்.

"நிக்க எடமா இல்லை? கொழுந்து பறிக்க ஆளு கெடைக்கலைன்னு அங்கன தோட்டந்தோட்டமா அலையுறாக. ரெண்டு கை இருக்குல்ல அவளுக்கு."

சொல்லிவிட்டு உருண்டையை வாயில் போட்டாள். பிலோமினா அடுப்படிக்குப் பின்னால் ஓடிப் போய், வயிற்றில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு நின்றாள். சேசுவே, இவளுக்கா நான் சோறாக்கிப் போட்டேன் என்று அவளுக்குத் தன் கை மேலேயே வெறுப்பாக இருந்தது.

திரும்பி வந்தபோது கொட்டகையில் லூர்து மேரி தனியாக உட்கார்ந்திருந்தாள். அருளப்பன் கடிதவுறைக்கு மேல் விலாசம் எழுதி வைத்துவிட்டு, வண்டிக்காரனைக் கூப்பிடத் தெருவுக்குப் போயிருந்தான். தபாலாபீசுக்குப் போய்விட்டு அப்படியே ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று ஞானபாக்கியத்துக்கு அவசரம். அவள் கிணற்றடியில் கை கழுவுகிற சத்தம் கேட்டது.

லூர்து மேரியின் மடியில் இரண்டு படமும் இருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வழுவழுப்பான படத்தை. கண் கலங்கியிருந்தது. அழ வைத்துவிட்டார்களே பாவிகள் என்று நினைத்துக்கொண்டு பிலோமினா படத்தைப் பிடுங்கப் போனாள்.

"இரு. இவ நல்லா இருக்கால்ல?" என்றாள் லூர்து மேரி.

பிலோமினா கையை இழுத்துக்கொண்டாள். அம்மை வராமல் இருந்திருந்தால் தான் எப்படி இருந்திருப்பாள் என்று அந்தப் பெண் பன்னிரண்டு வருடமாக யோசித்திருக்கிறாள். இன்றைக்கு யாரோ பென்சிலால் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பார்க்காதே என்று சொல்ல எந்த அக்காவுக்கு வாய் வரும்? ஆனாலும் சொன்னாள். இது பொய், இதை நம்பி உன்னை அனுப்ப மாட்டேன், அத்தைக்காரி வரட்டும், முகத்திலேயே சொல்கிறேன் என்றாள்.

லூர்து மேரி தலையை அசைத்தாள். சண்டை வேண்டாம், ஐந்தாவது இடம் ஒன்று வரப்போவதில்லை என்று நிதானமாகச் சொன்னாள். பிறகு இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி அக்காவிடம் நீட்டினாள்.

"ரெண்டையும் உள்ள வையி. அம்மைக்கு முந்தி, அம்மைக்குப் பிந்தின்னு பின்னால எழுதிரு. உனக்குத்தான் எழுதத் தெரியும்ல. எதப் பாத்துப் பதில் போடுறாகன்னு பாப்போம்."

கன்னியர் மடத்தில் படித்த கை பிலோமினாவுடையது. இரண்டு படத்தின் பின்னாலும் நாலு நாலு வார்த்தை எழுதினாள். பென்சில் வேலை என்பதையும் ஒளிக்காமல் எழுதினாள். உறையில் போட்டு, பசை தடவி, ஓரம் தெரியாமல் அழுத்தி ஒட்டினாள். ஈரக் கையோடு வந்த ஞானபாக்கியம் உறையின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, போட்டோக் காகிதம் இத்தனை கனமா என்று கேட்டாள். முட்டை பூசினது, கனமாகத்தான் இருக்கும் என்றாள் பிலோமினா. அது போதுமாக இருந்தது. உறையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் வண்டி ஏறினாள். ஆடிக் காற்றில் வண்டி போன திசையே தெரியாமல் புழுதி எழும்பியது.

வாசலில் நின்று பார்த்த பிலோமினாவுக்கு உள்ளுக்குள் ஒரு வீறாப்பு வந்தது. ஊரே நாறினாலும் நாம் சுத்தமாகச் செய்துவிட்டோம் என்று நினைத்தாள். தங்கை பக்கம் திரும்பிப் பெருமையாகவே சொன்னாள்.

"பயப்படாதத்தா. ஒன் நெசமான மொகத்தப் பாத்து மொகஞ் சுளிக்கிற ஆளு நமக்கு வேணாம்."

லூர்து மேரி அக்காவின் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை.

"அப்ப நீயும் வேணாமாக்கா?"

என்னடி பேசுகிறாய் என்றாள் பிலோமினா.

"அம்மை எறங்குன நாளையில இருந்து நீ எங்கிட்டப் பேசுறப்ப எங் காதப் பாத்துத்தான் பேசுற. மத்தவுக ஒரு தடவை சுளிச்சுட்டுப் போயிருறாக. நீ பன்னெண்டு வருசமா பாக்காமயே இருக்க."

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல பிலோமினா வாயெடுத்தாள். காலையிலிருந்து எச்சில் மேலும் எண்ணெய் மேலும் ஊரார் மேலும் புருஷன் மேலும் பட்ட அருவருப்பெல்லாம் திரும்பி வந்து தன் மேலேயே படிவதை உணர்ந்தாள். அந்த நேரத்திலும் அவள் கண், தங்கையின் இடது காதில் கிடந்த சின்னத் தோட்டின் மேல்தான் இருந்தது.